ஃபவுன்டன் வேலி நீர் சுத்திகரிப்பு நிலையம்: ஒரு டயாலிசிஸ் டெக்னீஷியன் பார்த்ததும் குடித்ததும்

கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுன்டியில், வடக்கிலும் நடுவிலும் குடியிருக்கும் நாம் எல்லோரும் இந்தத் தண்ணீரை ஏற்கனவே குடித்துக்கொண்டுதான் இருக்கிறோம். அனஹைம், சான்டா ஆனா, ஃபுல்லர்ட்டன், கார்டன் குரோவ், ஹன்டிங்டன் பீச் என்று எந்த ஊர்க் குழாயைத் திறந்தாலும் வருவதில் பெரும்பங்கு நிலத்தடி நீர். அந்த நிலத்தடி நீரில் ஒரு பங்கு, முன்பு யாரோ ஒருவர் வீட்டுக் கழிவறையிலும் குளியலறையிலும் பாத்திரம் கழுவும் தொட்டியிலும் வழிந்து போன தண்ணீர். அதைச் சுத்தம் செய்யும் நிலையம் ஃபவுன்டன் வேலியில், வார்டு தெருவில் இருக்கிறது. 2008 ஜனவரியிலிருந்து ஓடுகிறது. யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொண்டு இலவசமாகச் சுற்றிப் பார்க்கலாம். கடைசியில் குடிக்கவும் தருகிறார்கள். அதனால் இந்த விமர்சனம் அந்தச் சுற்றுலாவுக்கும் சேர்த்து, அந்தத் தண்ணீருக்கும் சேர்த்து.

என் வேலையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும், நான் பார்த்த கோணம் அதிலிருந்து வந்ததால். ஒரு டயாலிசிஸ் மையத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன். விடியற்காலையில், நோயாளிகள் வருவதற்கு முன், தண்ணீர் அறைக்குள் போவதுதான் முதல் வேலை. நகரக் குழாயிலிருந்து வரும் தண்ணீர் அங்கே கடினத்தன்மை போக்கும் தொட்டி, அடுத்தடுத்து இரண்டு கார்பன் தொட்டி, அப்புறம் ஆர்.ஓ. (அழுத்தம் கொடுத்துத் தண்ணீரை மெல்லிய சவ்வின் வழியே தள்ளி உப்பைப் பிரிக்கும் கருவி) என்று வரிசையாகப் போகும். முதல் கார்பன் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் சின்னக் குழாயைத் திறந்து, கொஞ்சம் ஓடவிட்டு, மாதிரி பிடித்து, குளோரின் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பேன். லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. குடிநீரில் கிருமி வராமலிருக்கச் சேர்க்கும் குளோரமைன் வயிற்றுக்குள் போனால் ஒன்றும் செய்யாது. ரத்தத்தில் கலந்தால் சிவப்பணுக்களை உடைத்துவிடும். ஒருவர் ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் குடிக்கிறார் என்றால், என் நோயாளி ஒருவருக்கு ஒரு அமர்வில் சுமார் 120 லிட்டர் தண்ணீர் அவர் ரத்தத்துக்கு மறுபக்கம் ஓடுகிறது. நடுவில் மெல்லிய சவ்வு ஒன்றுதான். குடலும் கல்லீரலும் செய்யும் காவல் அங்கே கிடையாது. ஆகவே தண்ணீரை நம்புவதற்கு முன் கேள்வி கேட்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

எங்களோடு தங்க வந்திருந்த என் மாமியாரும் கூட வந்தார். பூஜைக்கு வைக்கும் தண்ணீரைத் தனிச் செம்பில் பிடித்து மூடி வைக்கிறவர். எங்கே போகிறோம் என்று முதலிலேயே சொல்லித்தான் அழைத்துப் போனேன். “பார்க்கத்தானே, வர்றேன்” என்றார்.

முதலில் ஓர் அறையில் உட்காரவைத்து வரைபடம் காட்டுகிறார்கள். அப்புறம் வெளியே நடை. இங்கே வருவது வீட்டிலிருந்து நேராக வரும் சாக்கடை அல்ல என்பதை முதல் ஐந்து நிமிடத்திலேயே தெளிவுபடுத்திவிடுகிறார்கள். பக்கத்து மனையில் கவுன்டியின் கழிவுநீர் அமைப்பு இருக்கிறது. கசடு வடித்து, நுண்ணுயிர்களைக் கொண்டு கரிமப் பொருளைத் தின்னவைத்து, கடலில் விடத் தகுந்த அளவுக்கு அவர்கள் ஏற்கனவே சுத்தம் செய்துவிடுகிறார்கள். அந்தத் தண்ணீர்தான் குழாய் வழியாக இந்தப் பக்கம் வருகிறது. கண்ணாடிக் குடுவையில் பார்த்தால் வெளிறிய தேநீர் நிறம், லேசான மண்வாடை.

முதல் கட்டம் மைக்ரோ ஃபில்ட்ரேஷன். கைக்குக் கொடுத்த மாதிரித் துண்டு சேமியா கட்டு மாதிரி இருந்தது. ஒவ்வொரு இழையும் உள்ளே குழாய். சுவரில் இருக்கும் துளைகளின் அளவு 0.2 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இழைகளைத் தொட்டிக்குள் முக்கி வைத்து, உள்ளிருந்து உறிஞ்சுகிறார்கள். பாக்டீரியாவும் ஒட்டுண்ணிகளும் வெளியே நின்றுவிடுகின்றன. சிறிது நேரத்துக்கு ஒருமுறை காற்றும் தண்ணீரும் திருப்பி அடித்து இழைகளை அலசுகிறார்கள். நாங்கள் நிற்கும்போதே ஒரு தொட்டி கொதிப்பதுபோல் பொங்கி அடங்கியது.

அடுத்து ஆர்.ஓ. கட்டடம். கதவைத் திறந்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, உண்மையாகவே. என் தண்ணீர் அறையில் இடுப்பளவு நிற்கும் இரண்டு மூன்று வெள்ளைக் குழல்கள் இங்கே தரையிலிருந்து தலைக்கு மேல் வரை அடுக்கடுக்காக, வரிசை வரிசையாக, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை. பம்புகளின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. உள்ளே இருப்பது அதே பொருள்தான்: சுருட்டி வைத்த பாலிஅமைடு தாள். உப்பும் வைரஸும் மருந்துத் துணுக்குகளும் அதைத் தாண்டுவது மிகக் கடினம். நான் தேடிப் போய் நின்றது கண்டக்டிவிட்டி மீட்டர்கள் பக்கம். தண்ணீர் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்று பார்த்து, அதில் எவ்வளவு உப்பு இருக்கிறது, ஆர்.ஓ. ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதைக் கணத்துக்குக் கணம் சொல்லும் கருவி அது. என் மையத்திலும் அதைப் பார்த்துத்தான் மூச்சு விடுவேன். உள்ளே போகும்போது லிட்டருக்கு ஆயிரம் மில்லிகிராமைச் சுற்றி இருக்கும் கரைந்த உப்பு, வெளியே வரும்போது ஐம்பதைச் சுற்றி வந்துவிடுகிறது. கொலராடோ ஆற்றிலிருந்து நமக்கு வரும் தண்ணீரில் அறுநூறுக்குப் பக்கம். ஆக, உப்பைப் பொறுத்தவரை ஆற்றுத் தண்ணீரைவிடக் கழிவுநீரிலிருந்து வந்தது சுத்தம்.

மூன்றாவது, ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்து புறஊதாக் கதிர் பாய்ச்சுவது. துருப்பிடிக்காத எஃகுக் கலங்களைத்தான் பார்க்க முடியும், விளக்கு தெரியாது. பெரும்பாலோர் இந்த இடத்தைச் சீக்கிரம் கடந்துவிடுகிறார்கள். எனக்கோ இதன் வரலாறுதான் மொத்தச் சுற்றிலும் முக்கியமான பாடமாகப் பட்டது.

1970-களிலேயே இதே இடத்தில் வாட்டர் ஃபேக்டரி 21 என்று ஒரு நிலையம் இருந்தது. நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் உள்ளே புகுந்துகொண்டிருந்தது. அதைத் தடுக்க, கடற்கரைக்கு இணையாக வரிசையாகக் கிணறு தோண்டி, சுத்திகரித்த கழிவுநீரை உள்ளே செலுத்தி, நிலத்துக்கடியில் ஒரு நல்ல நீர்ச் சுவர் எழுப்பினார்கள். கழிவுநீரை ஆர்.ஓ. மூலம் குடிநீர்த் தரத்துக்குக் கொண்டுவந்ததில் உலகத்துக்கே முன்னோடி அது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்தத் தண்ணீரில் என்.டி.எம்.ஏ. என்ற வேதிப்பொருளைக் கண்டார்கள். அப்புறம் 1,4-டையாக்ஸேன். இரண்டும் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று கருதப்படுபவை. இரண்டும் அளவில் மிகச் சிறிய, மின்னூட்டமில்லாத மூலக்கூறுகள் என்பதால் ஆர்.ஓ. தாளின் வழியே நழுவிவிடும். ஆர்.ஓ. என்றால் எல்லாவற்றையும் தடுக்கும் என்று வீட்டுக் கருவி விற்கிறவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது சரியில்லை. இந்த இரண்டையும் உடைக்கத்தான் புதிய நிலையத்தில் புறஊதாக் கதிரும் பெராக்சைடும் வந்தன.

ஆனால் உடைப்பதோடு அவர்கள் நிறுத்தவில்லை. சாக்கடைக் குழாயைப் பின்தொடர்ந்து போய், எந்தத் தொழிற்சாலை விடுகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தினார்கள். 2013-ல் இன்னொரு சம்பவம்: தண்ணீரின் கரிம அளவைத் தொடர்ந்து அளக்கும் மீட்டர் திடீரென்று ஏறியது. அசிட்டோன். யாரோ சாக்கடையில் கொட்டியிருக்கிறார்கள். அசிட்டோனும் ஆர்.ஓ.வை ஓரளவு தாண்டும் சாதி. மீட்டர் காட்டிக்கொடுத்ததால் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. இதைக் கேட்டபோது என் மனதில் இந்த நிலையத்தின் மேல் மதிப்பு கூடியது. என் வேலையிலும் அதுதான் நடைமுறை: மெம்பிரேன் (ஆர்.ஓ.வின் அந்தச் சவ்வு) எவ்வளவு புதியது என்பதைவிட, மாதிரி பிடித்தாயா, எழுதினாயா, எண் மாறியபோது யாரைக் கூப்பிட்டாய் என்பதைத்தான் முதலில் கேட்பார்கள்.

இப்போது நான் உண்மையில் பாராட்ட வந்த விஷயத்துக்கு வருகிறேன். இந்த நிலையத்தில் இருக்கும் எந்த மெஷினையும் பணம் இருந்தால் எந்த நகரமும் வாங்கிவிடலாம். வாங்க முடியாதது, பக்கத்துப் பக்கத்து மனைகளில் இருக்கும் இரண்டு அமைப்புகளின் உறவு. தண்ணீர் அமைப்பு ஒன்று, கழிவுநீர் அமைப்பு ஒன்று. இரண்டுக்கும் தனித்தனி நிர்வாகக் குழு, தனித்தனி வரவுசெலவு. 1990-களில் இரண்டுக்கும் தனித்தனியாக ஒரு தலைவலி வந்தது. கழிவுநீர்க்காரர்களுக்கு, மக்கள்தொகை கூடக்கூட, கடலுக்குள் ஐந்து மைல் நீளும் வெளியேற்றுக் குழாய் போதாமல் போய், இரண்டாவது குழாய் போட வேண்டிய நிலைமை. தண்ணீர்க்காரர்களுக்குக் கடல்நீர்த் தடுப்பைப் பலப்படுத்த இன்னும் நல்ல தண்ணீர் வேண்டும், வெளியிலிருந்து வாங்கும் தண்ணீரோ விலையும் அதிகம், வறட்சியில் வருவதும் உறுதியில்லை. ஒருவருக்குத் தொல்லையாக இருந்தது இன்னொருவருக்குத் தேவை. முதல் கட்டத்துக்கு ஆன சுமார் 48 கோடி டாலரை இருவரும் பங்கிட்டுக்கொண்டார்கள். கழிவுநீரைத் தண்ணீர் அமைப்புக்கு இலவசமாகவே கொடுக்கிறார்கள். இரண்டாவது கடல் குழாய் தேவைப்படவில்லை.

பணத்தைவிடப் பெரிய விட்டுக்கொடுத்தல் ஒன்று உண்டு. கழிவுநீர் அமைப்பின் வேலை அதுவரை கடலைக் காப்பாற்றுவது. இந்த ஒப்பந்தத்துக்குப் பிறகு, தொழிற்சாலைகளுக்கு அனுமதி கொடுக்கும்போதே “இது நாளைக்குக் குடிநீராகப் போகிறது” என்ற கணக்கில் பார்க்க ஆரம்பித்தார்கள். எந்தத் தொழிற்சாலை எதைக் கொட்டலாம் என்பதில் குடிநீருக்கு ஆகாத வேதிப்பொருள்களும் கண்காணிப்புப் பட்டியலில் சேர்ந்தன. தன் எல்லைக்குள் வராத ஒரு விளைவுக்காக ஓர் அரசு அமைப்பு தன் விதியை இறுக்கிக்கொள்வது எவ்வளவு அபூர்வம் என்பது எந்த அலுவலகத்திலும் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

2008-ல் நாளைக்கு 7 கோடி கேலன், 2015-ல் 10 கோடி, 2023-ல் 13 கோடி கேலன் என்று நிலையம் வளர்ந்தது. 13 கோடி கேலன் என்றால் சுமார் 49 கோடி லிட்டர். கடைசி விரிவாக்கத்துக்கு ஹன்டிங்டன் பீச்சில் இருக்கும் இரண்டாவது கழிவுநீர் நிலையத்திலிருந்தும் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அங்கே ஒரு சிக்கல். கடலிலிருந்து தள்ளி இருக்கும் உட்பகுதிகளிலிருந்து உப்புக் கழிவு சுமந்துவரும் ஒரு குழாயும் அந்த நிலையத்துக்குத்தான் வருகிறது. அதைக் குடிநீராக்க அனுமதி கிடையாது. ஆகவே நிலையத்துக்குள்ளேயே இரண்டு ஓட்டங்களையும் பிரித்து, தனித்தனியாகச் சுத்திகரிக்க ஏற்பாடு செய்தார்கள். கூடுதல் செலவு, கூடுதல் வேலை. கலந்துவிட்டு ஆர்.ஓ. பார்த்துக்கொள்ளும் என்று விட்டிருக்கலாம், விடவில்லை.

சுத்தமான தண்ணீர் நேராக வீட்டுக் குழாய்க்குப் போவதில்லை. ஒரு பங்கு கடல்நீர்த் தடுப்புக் கிணறுகளுக்குப் போகிறது. மிச்சம் சான்டா ஆனா ஆற்றோரமாகச் சுமார் 13 மைல் குழாயில் ஏறி அனஹைமில் இருக்கும் கிரேமர், மில்லர், மிராலோமா குளங்களுக்குப் போய், மண்ணுக்குள் இறங்குகிறது. மாதக்கணக்கில் நிலத்துக்குள் கிடந்து, மற்ற நீரோடு கலந்து, அப்புறம்தான் ஊர் ஊராக இருக்கும் கிணறுகளில் மேலே வருகிறது. 25 லட்சம் பேர் குடிக்கும் நிலத்தடி நீர்த்தேக்கம் அது.

சுற்றின் நடுவில் ஆர்.ஓ. கட்டடத்திலிருந்து வெளியே வந்ததும் மாமியார் என் கையைத் தொட்டார்.

“ஏம்மா, இவ்வளவு அழுக்கு வடிகட்டுறாங்களே, அந்த அழுக்கெல்லாம் எங்கே போகுது?”

“கடலுக்குத்தான் போகுது அத்தை.”

“அப்போ கடலுக்கு மட்டும் பரவாயில்லையா?”

எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி. நான் சுற்றிக் காட்டியவரிடம் ஆங்கிலத்தில் சொல்ல, அவர் நின்று பதில் சொன்னார். ஆர்.ஓ.வுக்குள் போகும் நூறு லிட்டரில் 85 சுத்தமாக வருகிறது. மிச்சம் 15 லிட்டரில் எல்லா உப்பும் செறிந்து நிற்கிறது. அது கழிவுநீர் அமைப்பின் குழாய் வழியாகக் கடலுக்குப் போகிறது. மொத்தமாகக் கடலுக்குப் போகும் தண்ணீரின் அளவு பெருமளவு குறைந்திருக்கிறது, ஆனால் போகிற கொஞ்சத்தில் செறிவு அதிகம். புதிதாக அழுக்கு உண்டாகவில்லை, இருந்ததுதான் ஒதுங்கி நிற்கிறது என்பது உண்மை. அதே சமயம் ஆர்.ஓ. என்பது அழுக்கை ஒழிக்கும் கருவி கிடையாது, இடம் மாற்றும் கருவி. கடற்கரை இல்லாத நகரங்கள் இந்தத் திட்டத்தைப் பார்த்துக் கிளம்பும்போது முதலில் முட்டிக்கொண்டு நிற்பது இந்த 15 லிட்டரில்தான். இந்த அம்சத்துக்கு என்னால் முழு மதிப்பெண் கொடுக்க முடியாது.

சரி, ருசி. கடைசியில் ஒரு தொட்டி, குழாய், பக்கத்தில் சின்னக் கோப்பைகள். நான் இரண்டு கோப்பை குடித்தேன். வாடை சுத்தமாக இல்லை. குளோரின் காட்டம் இல்லை. நாக்கில் ஒரு வெறுமை தெரியும். உப்பும் சுண்ணாம்பும் இல்லாத தண்ணீருக்கு அப்படித்தான் இருக்கும். எங்கள் தண்ணீர் அறைத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் இனி இதைச் சொல்வேன். ருசிக்காக மட்டும் கேட்டால், அனஹைம் குழாய்த் தண்ணீரின் கனம் எனக்குப் பிடிக்கும். காபிக்கு அதுதான் சரி. மாமியார் குடிக்கவில்லை. கோப்பையைக் கையில் வாங்கி, முகர்ந்து பார்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, என்னிடம் கொடுத்துவிட்டார். “நல்லாத்தான் இருக்கு. மனசு ஒப்பல” என்றார். யாரும் வற்புறுத்தவில்லை. அது எனக்குப் பிடித்தது. இந்த ஒப்பாத மனசை அலட்சியம் செய்த இடங்களில்தான் இப்படிப்பட்ட திட்டங்கள் விழுந்திருக்கின்றன.

ஆஸ்திரேலியாவில் டுவூம்பா நகரம் கடும் வறட்சியில் இருந்தபோது 2006-ல் இதைப் பற்றி வாக்கெடுப்பு வைத்தார்கள். சுமார் 62 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். தொழில்நுட்பம் இங்கே இருப்பதற்கு ஏறக்குறைய அதேதான். மக்களிடம் பேசக் கிடைத்த காலம் மிகக் குறைவு. ஆரஞ்சு கவுன்டியில் நிலையம் திறப்பதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டார்கள். நகர மன்றங்கள், மருத்துவர்கள், வழிபாட்டு இடங்கள், குடியிருப்போர் கூட்டங்கள் என்று ஒன்று விடாமல் போனார்கள். கேள்வி கேட்டவர்களை உள்ளே அழைத்து வந்து காட்டினார்கள். இன்றைக்கும் நடக்கும் இந்த இலவசச் சுற்றுலா அந்தப் பேச்சின் தொடர்ச்சி.

இன்னும் இரண்டு விஷயங்கள், தொழில்முறை ஆர்வத்தில். ஆர்.ஓ. தண்ணீர் அளவுக்கு மீறித் தூய்மையாக இருப்பதும் ஒரு பிரச்சினை. அது தொட்டதையெல்லாம் கரைக்கப் பார்க்கும். எங்கள் மையத்தில் அதனால்தான் செப்புக் குழாய் போடுவதில்லை. இங்கே கடைசியில் சுண்ணாம்பு சேர்த்து அந்தப் பசியை அடக்குகிறார்கள். ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் இங்கே நிலத்துக்குள் இறங்கும் தண்ணீரைப் பார்த்து, கால்சியமும் மெக்னீசியமும் குறைந்த நீர் களிமண்ணில் இயல்பாக ஒட்டியிருக்கும் ஆர்சனிக்கைக் கொஞ்சம் கிளப்பிவிடுகிறது என்று 2015-ல் எழுதினார்கள். சுண்ணாம்பு அளவை யோசித்துச் சேர்க்க வேண்டும் என்பது அதிலிருந்து கிடைத்த வழி. மெஷினை விட்டு வெளியே வந்த பிறகும் தண்ணீரைப் பின்தொடர வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இரண்டாவது, பி.எஃப்.ஏ.எஸ். எனப்படும், எளிதில் சிதையாத செயற்கை ரசாயனங்கள். 2020-ல் கவுன்டியில் பல கிணறுகளை மூடினார்கள் என்று செய்தி வந்தபோது என் உறவினர்கள் பலர் உடனே இந்த நிலையத்தைத்தான் குறை சொன்னார்கள். அது நியாயமில்லை. ஆர்.ஓ. அந்த ரசாயனங்களை நன்றாகவே தடுக்கும். அவை பெரும்பாலும் சான்டா ஆனா ஆற்று நீர் வழியாக நிலத்தடிக்குள் வந்தவை. இதற்குத் தனியாகக் கிணற்றடியிலேயே சுத்திகரிப்பு வைத்து வருகிறார்கள். இந்த நிலையம் எவ்வளவு சுத்தமாகக் கொடுத்தாலும், நிலத்தடியில் ஏற்கனவே இருப்பதோடுதான் கலக்கிறது.

மற்ற நகரங்கள் எங்கே நிற்கின்றன? நமீபியாவின் விண்ட்ஹூக் 1968-லிருந்து சுத்திகரித்த கழிவுநீரை நிலத்தில் விடாமல் நேராகவே குடிநீரில் கலக்கிறது. சிங்கப்பூர் 2003-ல் ஆரம்பித்தது. ஃபவுன்டன் வேலிக்காரர்களுக்கு 2014-ல் லீ குவான் யூ தண்ணீர் விருது கொடுத்து கௌரவித்ததும் அதே சிங்கப்பூர்தான். டெக்சாஸில் பிக் ஸ்பிரிங், ஒடெஸ்ஸா, ஸ்னைடர் ஆகிய ஊர்கள் சேர்ந்து நடத்தும் நீர் மாவட்டம் 2013-ல் சுத்திகரித்த கழிவுநீரைத் தன் குழாயிலேயே மற்ற நீரோடு கலக்க ஆரம்பித்தது. தனித்தனியாக இருந்தால் எந்த ஊருக்கும் கட்டுப்படியாகாத வேலை. விச்சிட்டா ஃபால்ஸ் நகரம் 2014 வறட்சியில் ஓராண்டு அப்படிச் செய்து தாக்குப்பிடித்தது.

நமக்குப் பக்கத்திலேயே பெரிய முயற்சி கார்சனில் நடக்கிறது. தென் கலிபோர்னியாவின் பெருநகர நீர் மாவட்டமும் லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டி கழிவுநீர் அமைப்பும் சேர்ந்து 2019-ல் ஒரு மாதிரி நிலையம் திறந்தன. முழு அளவில் வந்தால் நாளைக்கு 15 கோடி கேலன் வரை என்பது திட்டம். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, நெவாடா, அரிசோனா மாநில நீர் அமைப்புகளும் திட்டமிடலுக்குப் பணம் போட்டிருப்பது. கார்சனில் ஒரு கேலன் மீட்டெடுத்தால் கொலராடோ ஆற்றில் ஒரு கேலன் மிச்சம். அது லாஸ் வேகாஸுக்குப் பயன்படும். இருநூறு மைலுக்கு அப்பால் இருக்கும் நகரம் நம் கழிவுநீரில் முதலீடு செய்கிறது.

2023 டிசம்பரில் கலிபோர்னியா, நிலத்தில் விடாமல் நேரடியாகக் குடிநீராக்குவதற்கும் விதி வகுத்துவிட்டது. இப்போதைய முறையில் ஒரு லட்சம் கோடி வைரஸ் உள்ளே போனால் ஒன்றுக்கு மேல் தப்பக் கூடாது. நேரடி முறைக்கு அதைவிடப் பத்து கோடி மடங்கு கடுமை. மண்ணுக்குள் கிடக்கும் மாதங்கள் போய்விடுவதால்தான் இந்தக் கடுமை. அந்த மாதங்கள் வெறும் சுத்திகரிப்பு மட்டும் இல்லை, தப்பு நடந்தால் கண்டுபிடிப்பதற்கான அவகாசமும்கூட. இங்கே மீட்டர் சரியில்லை என்று காட்டினால் தண்ணீரைத் திருப்பிக் கழிவுநீர்க் குழாய்க்கே அனுப்பிவிட முடியும், அதையும் மீறிப் போனாலும் நிலம் நேரம் கொடுக்கும். நேரடி முறையில் நேரம் மீட்டரில்தான் இருக்கிறது. என்னைக் கேட்டால், நிலத்தடித் தேக்கம் உள்ள ஊர்கள் அவசரப்பட்டு அதை விட்டுவிட வேண்டாம். தேக்கம் இல்லாத ஊர்கள், கருவி வாங்கும் பணத்தோடு ஆட்களைப் பயிற்றுவிக்கும் பணத்தையும் சேர்த்தே எடுத்து வைக்க வேண்டும். டயாலிசிஸில் எங்களுக்கு மெஷின் வாங்குவது ஒரு நாள் வேலை, அதை ஓட்டும் ஆளை உருவாக்குவது பல மாத வேலை.

மின்சாரம் எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு: கடல்நீரைக் குடிநீராக்க ஆவதில் மூன்றில் ஒரு பங்கு, வடக்குக் கலிபோர்னியாவிலிருந்து தண்ணீர் கொண்டுவர ஆவதில் பாதி என்பது இந்த நிலையத்தாரின் கணக்கு. ஹன்டிங்டன் பீச்சில் நாளைக்கு 5 கோடி கேலன் கடல்நீர் சுத்திகரிக்கும் தனியார் திட்டத்தை 2022 மே மாதம் கலிபோர்னியா கடற்கரை ஆணையம் ஒருமனதாக நிராகரித்தது. அதைவிட இரண்டரை மடங்கு தண்ணீரை, சில மைல் தள்ளி இருக்கும் இந்த நிலையம் கழிவுநீரிலிருந்தே கொடுக்கிறது.

போக நினைப்பவர்களுக்கு. முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். மூடிய காலணி போட்டுக்கொள்ளுங்கள், சேலை கட்டுபவர்கள் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிக் கட்டுவது நல்லது. பாதி நடை வெயிலில், இரும்புப் படிகள் உண்டு. முட்டி வலி உள்ள பெரியவர்கள் வருவதை முதலிலேயே சொல்லிவிட்டால் மெதுவாகவே கூட்டிப் போகிறார்கள். ஆர்.ஓ. கட்டடத்தில் காது கேட்காது, ஆகவே கேள்விகளை வெளியே வந்து கேளுங்கள். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் கூட்டிப் போங்கள். நான் கொடுக்கும் மதிப்பெண் ஐந்துக்கு நாலரை. அரை மதிப்பெண் அந்த 15 லிட்டருக்காகக் குறைத்தது. அங்கே போய் ஒரே ஒரு கேள்வி கேட்க நேரமிருந்தால், மெம்பிரேன் எந்த நாட்டில் செய்தது என்று கேட்காதீர்கள். கடைசியாக எந்த மீட்டர் எப்போது எச்சரித்தது, அன்றைக்கு என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். என் அனுபவத்தில், தயங்காமல் பதில் சொல்கிறார்கள்.